வாரியம் கண்ட நடுவேகம்

அக்காவின் போன் வந்தபோது அவன் வலது கையை முன்னால் நீட்டி உறுதிமொழி எடுத்துக்கொண்டிருந்தான்.

"வேகமே நமது மூச்சு" என்றது ஒலிபெருக்கி.

"வேகமே நமது மூச்சு" என்றது முற்றத்தில் நின்ற கூட்டம்.

சட்டைப் பையில் போன் துடித்தது. அவன் அசையவில்லை. கருவி வாரியத்தில் உறுதிமொழிக்கு நடுவே போனைத் தொட்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு அவர்களை அதே மாடியில் யாரும் பார்த்ததில்லை. வேகத்தைப் பற்றிய உறுதிமொழி என்பதால் அதை அவசரப்படாமல், நிறுத்தி நிதானமாகச் சொல்லவேண்டும் என்று விதி வேறு இருந்தது. ஒலிபெருக்கி ஒவ்வொரு சொல்லுக்கும் இருமிக்கொண்டது. போன் துடித்துத் துடித்து ஓய்ந்தது.

முடிந்ததும் மாடிப்படிக்குக் கீழே ஒதுங்கி, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அக்காவை அழைத்தான்.

"ஏண்டா, வீடு பத்திக்கிட்டு எரிஞ்சாலும் உறுதிமொழி முடிஞ்சுதான் எடுப்பியா?"

"சொல்லுக்கா."

"உங்க மெஷின் இன்னிக்கும் காலை வாரிடுச்சு. நெஞ்சு வலின்னு ஒரு பெரியவர். மாட்டறேன், கோடு அழகா ஓடுது, பாதியில பொசுக்குன்னு நின்னு போச்சு. திரும்ப மாட்டினா திரும்ப நிக்குது. கடைசியில மூலையில கிடந்த பழைய பேப்பர் மெஷினைத் தட்டி எழுப்பி எடுத்தோம்."

"பெரியவர் எப்படி இருக்காரு?"

"அவர் நல்லா இருக்காரு. நான்தான் நல்லா இல்ல. உங்க வாரியத்துக்குப் புகார் போனதுக்குப் பதில் வந்திருக்கு. 'எங்கள் கருவி தவறாது. கை தவறியிருக்கிறது.' கை யாரோடது? என்னோடது! அடுத்த புதன்கிழமை விசாரணையாம். கைத்தவறுதான்னு முடிவாச்சுன்னா வேலையை விட்டுத் தூக்கிடுவாங்களாம். என் பொழப்புல மண்ணைப் போட உன் ஆபீஸ்தானாடா கிடைச்சுது?"

அந்த மெஷின் கம்ப்யூட்டரோடு பேசுவதே அவன் எழுதிய நிரல் வழியாகத்தான்.

வாரியத்தில் அவனுக்கு ஒற்றைவரி என்று பெயர். மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதித் தீர்ப்பதை அவன் ஒரு வரியில் முடித்துவிடுவான். பாராட்டி வைத்த பெயர் என்று நினைத்துவிடக் கூடாது. பதவி உயர்வுக்கு அங்கே பக்கங்களைத்தான் எண்ணுவார்கள்.

இதயத்தின் ஓட்டத்தைக் கோடாகப் போடும் சின்னக் கருவி அது. அதிலிருந்து ஒரு யு.எஸ்.பி. கம்பி கிளம்பிக் கம்ப்யூட்டருக்குப் போகும். கருவிக்குள்ளே உட்கார்ந்து அந்தக் கம்பியை மேய்க்கும் நிரலுக்கு டிரைவர் என்று பெயர். கம்பியை மாட்டிய கணத்தில் இரண்டு பக்கமும் குசலம் விசாரித்துக்கொள்ளும். 'நீ எவ்வளவு வேகமாகப் பேசுவாய்?' 'அதிவேகமாக.' 'அப்படியா, ஆரம்பி.' பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

புதுக் கம்ப்யூட்டரும் குட்டைக் கம்பியும் இருந்தால் இந்தச் சம்பந்தம் நீடிக்கும். ஆஸ்பத்திரியிலோ கம்ப்யூட்டர் கிழடு. கம்பி கட்டிலைச் சுற்றிக்கொண்டு போகுமளவு நீளம். அதில் அதிவேகமாகப் பேசினால் பாதிச் சொல் வழியிலேயே சிந்திப் போகும். கம்ப்யூட்டர் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கும். பிறகு முகத்திலடித்த மாதிரி கதவைச் சாத்திவிடும்.

அதிவேகத்துக்குக் கீழே சாதாரண வேகம் என்று ஒரு படி இருந்தது. டிரைவரில் 'உச்ச வேகம்' என்று ஒரு வரி. அதில் 'அதிவேகம்' என்பதை எடுத்துவிட்டுச் 'சாதாரணம்' என்று போட்டால் கருவி அடக்கமாகப் பேசும். ஓர் இதயத்துக்கு அதுவே ஏராளம். இதயம் அப்படி என்னதான் பேசிவிடப் போகிறது? லப், டப்.

*

சோதனைக்கூடத்தில் இருந்தவருக்கு அபசகுனம் என்று பெயர். எதைத் தொட்டாலும் "இது ஓடாதே" என்பார். அது ஓடாது. அதனால், சோதனை செய்வதற்கென்றே சம்பளம் வாங்கும் அவர் எதையும் சோதிக்கக் கூடாது என்று மேலிடத்து வாய்மொழி உத்தரவு. கருவியை எப்போதும் அதன் மனம் கோணாத சூழலில்தான் சோதிக்கவேண்டும். புத்தம்புதிய கம்ப்யூட்டர், சாண் நீளக் கம்பி, ஏ.சி.

"அண்ணே, ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் வேணும். நீளமான கம்பி ஒண்ணும் வேணும்."

"எதுக்கு? ஓடாதே."

"அதுக்குத்தான்."

அபசகுனத்தின் முகத்தில் வருஷக்கணக்காகக் காணாத ஒளி வந்தது. கழித்துப்போட்ட சாமான்களுக்கு நடுவிலிருந்து இரண்டையும் தேடி எடுத்து வந்தார். மாட்டினார்கள். கோடு ஓடியது. பாதியில் நின்றது, அக்கா சொன்ன மாதிரியே.

ஒற்றைவரி ஒரு வரியை மாற்றினான். மறுபடி மாட்டினார்கள். கோடு ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. அபசகுனம் கம்பியை முறுக்கிப் பார்த்தார், கருவியைத் தட்டிப் பார்த்தார், கடைசியில் முறைத்தும் பார்த்தார்.

"அடப்பாவி, ஓடுதே!" என்றார் ஏமாந்துபோய்.

"நாளைக்கே ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிடலாம்ணே."

"எதை? வேகத்தைக் குறைக்கறதையா? இந்த வாரியத்துலயா?" அபசகுனம் அவனை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, நீ நல்லாத்தானே இருந்தே?"

*

இயக்குநரின் அறைக் கதவில் 'தயங்காமல் உள்ளே வருக' என்று எழுதி, உள்ளே தாழ் போட்டிருந்தது.

கதவு திறப்பதற்கே ஒரு நாள் போனது. இயக்குநர் சக்கரம் வைத்த சுழல் நாற்காலியில், மேஜைக்கும் ஜன்னலுக்கும் நடுவே உருண்டுகொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் நாற்காலி நின்றது.

"வேகத்தைக் குறைக்கணும்னு சொல்றியா?"

"ஆமா சார். ஒரு வரிதான்."

"குறைக்கறதுக்கு ஒரு வரி போதும்பா. இந்த வேகத்தைக் கொண்டுவர நான் எத்தனை மேடையில பேசியிருக்கேன் தெரியுமா? நம்ம மெஷினோட வேகத்தை நான் பேசிப் பேசித்தான் இந்த நாற்காலிக்கு வந்தேன். இப்போ இது மெதுவா ஓடும்னா, நான் எப்படி இங்கே உட்கார்ந்தேன்னு நாலு பேர் கேப்பான்ல?"

"ஆஸ்பத்திரியில அறுந்து அறுந்து போகுது சார். புகார் வருது."

"புகார் யாரு குடுக்கறாங்க?"

"உபயோகிக்கறவங்க சார்."

"பார்த்தியா!" இயக்குநர் மேஜையைத் தட்டினார். "உபயோகிக்கறவங்ககிட்டேயிருந்து மட்டும்தான் புகார் வருது. கிடங்குல வரிசையா அடுக்கி வெச்சிருக்கோமே, அதுல ஒண்ணைப் பத்தியாவது இதுவரைக்கும் ஒரு சின்னப் புகார் வந்திருக்கா? அப்போ கோளாறு எங்கே இருக்கு?"

ஒற்றைவரி யோசித்துப் பார்த்தான். எங்கே இருக்கிறது என்று அவனுக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது.

"இருந்தாலும் நான் சர்வாதிகாரி இல்ல. கமிட்டியைக் கூட்டறேன்" என்றார் இயக்குநர்.

*

கமிட்டி கூடியது. நீள மேஜையில் இயக்குநருக்கு வலது பக்கம் பெருமை மேடம். வேகப் பெருமைப் பிரிவின் தலைவி. வாரியத்தின் வேகத்தை வெளியே எடுத்துச் சொல்வது அவர் வேலை. மற்ற உறுப்பினர்கள் இந்த இருவரில் யார் கடைசியாகப் பேசினாரோ அவர் பக்கம் தலையாட்டுவதற்காக நியமிக்கப்பட்டவர்கள்.

"எனக்கு ஒரே ஒரு கேள்விதான்" என்றார் பெருமை மேடம். "நோயாளிங்களுக்கு சாதாரண வேகம் போதும்னு சொல்றாரு. சரி. நாளைக்கே ஒரு ஓட்டப்பந்தய வீரர் வந்து படுத்தா? அவர் இதயத்துக்கு இந்த வேகம் பத்துமா?"

தலைகள் ஆடின.

"மேடம், இது கம்பியோட வேகம். இதயத்தோட வேகம் இல்ல. எந்த இதயமும்..."

"கம்பியோட வேகம் எங்கே தெரியுது? காட்டுங்க."

அவன் கருவியை மாட்டிக் காட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. சாதாரண வேகத்துக்கு மாற்றி மாட்டினான். அதே விளக்கு, அதே பச்சை.

"கண்ணுக்கே தெரியாத ஒண்ணுக்கு எப்படிப்பா நாங்க ஒப்புதல் குடுக்கறது?" என்று இயக்குநர் வருத்தப்பட்டார். "கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரு சோதனை வை."

அவன் வைப்பதற்குள் அவர்களே வைத்துவிட்டார்கள். இரண்டு உதவியாளர்களை அழைத்து ஆளுக்கொரு கோப்பை டீயைக் கொடுத்தார்கள். ஒருவர் தாழ்வாரத்தில் ஓடி வரவேண்டும், மற்றவர் நடந்து வரவேண்டும். கமிட்டி முழுவதும் வாசலில் நின்று பார்த்தது. ஓடியவர் முதலில் வந்தார். கோப்பையில் நாக்கை நனைக்கும் அளவுக்கு டீ இருந்தது. மீதி அவர் சட்டையிலும் தாழ்வாரத்திலும் இருந்தது. நடந்தவர் நிறைந்த கோப்பையோடு வந்து சேர்ந்தார்.

ஒற்றைவரியின் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "இதைத்தான் சார் நானும் சொல்றேன்! மெதுவா வந்தா சிந்தாது!"

கமிட்டி இரண்டு கோப்பையிலிருந்தும் குடித்துப் பார்த்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விவாதித்தது. ஓடி வந்த டீ சூடாக இருந்ததாக ஒரு மனதாக முடிவானது. சிந்தியது தாழ்வாரத்தின் தவறு. தாழ்வாரத்தைப் பராமரிக்கும் பிரிவிடம் விளக்கம் கேட்டு அன்றே ஆள் போனது.

"ஆனாலும் உன் மனசும் நோகக் கூடாது" என்றார் இயக்குநர். "நீ சாதாரணம்ங்கற. மேடம் அதிவேகம்ங்கறாங்க. ரெண்டு பேரும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக் குடுங்க. நடுவுல வெச்சுக்கலாம்."

"சார், நடுவுல எதுவும் இல்ல."

"எதுக்கும் நடுவுன்னு ஒண்ணு உண்டுப்பா."

"இது படி மாதிரி சார். இந்தப் படியில நிக்கலாம், இல்ல அந்தப் படியில நிக்கலாம். நடுவுல கால் வெச்சா..."

"வெச்சுப் பார்த்திருக்கியா?"

"இல்ல சார்."

"பார்க்காமலே பேசறே" என்றார் பெருமை மேடம். தலைகள் ஆடின.

உச்ச வேகத்துக்கான வரியில் இனி 'நடுவேகம்' என்று எழுதப்படவேண்டும். இயக்குநர் எழுந்து நின்று கையெழுத்துப் போட்டார். கை தட்டினார்கள். உலகத்தில் இல்லாத ஒரு வேகத்தை ஒரே உட்காரலில் பெற்றெடுத்த களைப்பு எல்லோர் முகத்திலும் தெரிந்தது.

*

"எழுதிட்டியா?" என்றார் அபசகுனம்.

"எழுதிட்டேன்."

"ஓடாதே."

ஓடவில்லை. டிரைவருக்குத் தெரிந்த வேகங்கள் சில. அந்த வரியில் தெரியாத சொல் ஒன்று வந்தால் அது சண்டை போடாது, சந்தேகம் கேட்காது. ஒன்றுமே எழுதாத மாதிரி வைத்துக்கொள்ளும். ஒன்றுமே எழுதாவிட்டால் அதிவேகம். 'நடுவேகம்' என்ற சொல்லைக் கண்டதும் கருவி முன்னைப்போலவே தலைதெறிக்க ஓடியது. கோடு பாதியில் நின்றது.

போன் வந்தது.

"தம்பி, புதன்கிழமைக்கு உங்க இயக்குநரே நேர்ல வர்றாராம்டா. ஏதோ புது வேகம் கண்டுபிடிச்சிருக்காராமே, அதை எங்க ஆஸ்பத்திரியிலதான் முதல்ல காட்டப் போறாராம். ஏதாவது செய்வியா, இல்ல நான் பொட்டியைக் கட்டட்டுமா?"

"செய்யறேங்கா."

"இந்த 'செய்யறேங்கா'வை நீ அஞ்சாவது படிக்கறப்பலேருந்து கேக்கறேன்" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

அவன் மறுபடி இயக்குநரின் அறைக்குப் போனான். இந்த முறை கதவு உடனே திறந்தது. உள்ளே யாரோ அவருக்கு மாலைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், 'நடுவேகம்' அப்படியே இருக்கட்டும். அதைத் தொடல. டிரைவர்ல இன்னொரு இடம் இருக்கு. தெரியாத சொல் வந்தா எந்த வேகத்துல போகணும்னு. இப்போ அதிவேகம்னு இருக்கு. அதைச் சாதாரணம்னு..."

"தெரியாத சொல்லா?" இயக்குநரின் முகம் சிவந்தது. "நாம எழுதின சொல் நம்ம மெஷினுக்கே தெரியாம போகுமா? கமிட்டி கூடி எழுதியிருக்கோம்யா!"

"போகாது சார். ஒருவேளை போனா..."

"போகவே போகாது. நடக்கவே நடக்காத ஒண்ணுக்காக என் நேரத்தை வாங்காதே. அந்த இடத்துல என்ன வேணும்னாலும் எழுதிக்கோ. உன் தாத்தா பேரைக்கூட எழுதிக்கோ."

"கையெழுத்து?"

"நடக்காததுக்கு எதுக்குய்யா கையெழுத்து? கிளம்பு!"

அவன் அறையை விட்டு நடந்துதான் வெளியே வந்தான். தாழ்வாரத் திருப்பம் தாண்டியதும் ஓடினான். ஒரு வரி. மாட்டினார்கள். டிரைவர் 'நடுவேகம்' என்று படித்தது, புரியாமல் விழித்தது, சாதாரண வேகத்தில் அடக்கமாகக் கிளம்பியது. கோடு ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது.

அபசகுனம் அழாத குறையாகச் சொன்னார்: "இந்த ஆபீஸ்ல முட்டாள்தனத்துக்குக்கூட ஒரு உபயோகம் இருக்குதுடா."

*

புதன்கிழமை. ஆஸ்பத்திரியின் கீழ்த்தள அறை. அங்கிருந்த கருவியில் வாரியத்து ஆள் புது நிரலை ஏற்றிவிட்டுப் போயிருந்தார். விசாரணை அதிகாரி புருவத்தாலேயே கேள்வி கேட்கிற ரகம். பக்கத்தில் இயக்குநர், பெருமை மேடம். சுவரோரமாக ஒற்றைவரி. எதிரே கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பில் அக்கா.

அவன் அவளைப் பார்த்துக் கண்ணால் 'கவலைப்படாதே' என்றான்.

"மாட்டிக் காட்டும்மா" என்றார் அதிகாரி.

நோயாளி ஒருவர் படுத்திருந்தார். அக்கா கம்பியை மாட்டினாள். கோடு ஓடியது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். சிந்தவில்லை, அறுபடவில்லை. பெருமை மேடம் கை தட்டினார். ஒற்றைவரிக்கு அப்பாடா என்றிருந்தது.

அந்த அப்பாடா அதிகாரியின் அடுத்த வாக்கியம் வரைதான்.

"மெஷின் நல்லாத்தானே ஓடுது? அப்போ போன தடவை அறுந்தது எப்படிம்மா?"

மெஷின் ஓடினால் அக்காவைக் காப்பாற்றலாம் என்றுதான் ஒற்றைவரி இத்தனை பாடும் பட்டான். இப்போது மெஷின் ஓடுகிறது. அதுவே அக்காவுக்கு எதிரான முதல் சாட்சியாக நிற்கிறது.

"சார், இதை இப்போ மாத்தியிருக்கோம்" என்று பதறினான். "முன்னாடி அதிவேகம். இப்போ குறைச்சு..."

"குறைக்கல" என்றார் இயக்குநர் கனிவாக. "மேம்படுத்தியிருக்கோம். சின்னப் பையன், சொல்லத் தெரியல. எங்க மெஷின்ல முன்னாடியும் தப்பு இல்ல, இப்பவும் இல்ல. தப்பு இருந்தாத் திருத்தறவன் சாதாரண ஆளு சார். தப்பே இல்லாததை விடாம மேம்படுத்திக்கிட்டே இருக்கறதுதான் எங்க வாரியம்."

அதிகாரியின் பேனா தாளுக்கு இறங்கியது.

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் அக்கா.

அவள் குரலில் பதற்றம் இல்லை. ஊசி போடுவதற்கு முன்னால் "ஒண்ணும் பண்ணாது" என்று சொல்வாளே, அந்தக் குரல். சின்ன வயதில் அந்தக் குரலுக்கு ஏமாந்தவன் என்பதால் ஒற்றைவரி தன்னையறியாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"மேல்மாடி வார்டுல இதே மெஷின் இன்னொண்ணு இருக்கு. லிஃப்ட் ஓடலைன்னு உங்க ஆளு அதுக்கு மேம்பாடு ஏத்தாமலே போயிட்டாரு. அதுலயும் தப்பு இல்லைதானே சார்?"

"துளி கூட இல்ல" என்றார் இயக்குநர்.

"அப்போ அதுல ஒரு தடவை பார்த்துடலாம். என் கை பட்டாத்தானே சந்தேகம்? நீங்களே மாட்டுங்க. இதயம்கூட வேற யாரோடதும் வேண்டாம். உங்களோடதே இருக்கட்டும். இவ்வளவு பெரிய வாரியத்தை இழுக்கற இதயம், எப்படி ஓடுதுன்னு நாங்களும் பார்க்கறோமே!"

மறுக்க வழியில்லை. புகழ்ச்சியும் சேர்ந்து வந்ததால் மறுக்க மனமும் இல்லை. எல்லோரும் மாடி ஏறினார்கள். இயக்குநர் சட்டையைக் கழற்றிக் கட்டிலில் மல்லாந்தார். அக்கா அவர் நெஞ்சில் ஒவ்வொன்றாக ஒட்டினாள். பிறகு இரண்டு கையையும் தூக்கி எல்லோருக்கும் காட்டிவிட்டு, ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள். இயக்குநர் படுத்தபடியே கம்ப்யூட்டரில் தன் கையால் கம்பியைச் செருகினார்.

கோடு ஓடியது. மலை, பள்ளம், மலை, பள்ளம்.

"பார்த்தீங்களா? என்னா கம்பீரம்!" என்றார் இயக்குநர். தலையைத் திருப்பித் தானும் பார்த்தார்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மலை நின்றது. பள்ளமும் நின்றது. பேச்சு அறுந்துபோன திரையில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு நேர்கோடு போனது.

"ஐயோ!" என்றார் பெருமை மேடம். முதல் முறையாக உண்மையாக.

இயக்குநரின் வாய் திறந்தது. கண் அந்த நேர்கோட்டிலேயே நிலைகுத்தி நின்றது. அவர் கை தன் நெஞ்சைத் தேடியது.

"பயப்படாதீங்க சார்" என்றாள் அக்கா. "மெஷின் தவறாதுன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. அப்போ இதயம்தான் நின்னிருக்கணும். ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிடட்டுமா?"

"மெஷின்! மெஷின்தான் தப்பு!" இயக்குநர் கட்டிலிலிருந்து துள்ளினார். "எனக்கு ஒண்ணும் இல்ல! நான் பேசறேன் பாருங்க! இந்தச் சனியன்தான் நின்னுபோச்சு! எப்பவுமே நிக்கும்! கிடங்கு பூராவும் இதேதான்! எழுதுங்கய்யா, மெஷின் தப்புன்னு எழுதுங்க!"

விசாரணை அதிகாரியின் புருவம் அன்று முதல் முறையாக இறங்கியது. "நர்ஸ் மேல?"

"அந்தப் பொண்ணு தங்கம்யா! அவ மேல என்ன தப்பு? எழுதுங்க!"

அதிகாரி எழுதினார். எழுதி முடித்து அக்காவிடம், "நீ டியூட்டிக்குப் போம்மா" என்றார்.

அக்கா டியூட்டிக்குத்தான் போனாள். கட்டிலருகே வந்து, இயக்குநரின் தோளைப் பிடித்துப் படுக்க வைத்தாள். தம்பியைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் கீழே இறங்கி, மற்றக் கருவியைத் தூக்கிக்கொண்டு படி ஏறினான், ஒவ்வொரு படியாக. மாட்டினான். கோடு வந்தது.

அக்கா திரையைப் பார்த்தாள், அவர் மணிக்கட்டைப் பிடித்தும் பார்த்தாள்.

"இதயம் ஓடுது சார். கொஞ்சம் அதிகமாவே ஓடுது. வேகத்தைக் குறைக்கணும்."

பெருமை மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நீ சும்மா இரும்மா!" என்றார் இயக்குநர், படுத்தபடியே. பிறகு அக்காவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, "குறைங்க சிஸ்டர். யாரையும் கேக்க வேண்டாம். எவ்வளவு வேணும்னாலும் குறைங்க" என்றார்.